கூடையிடம் பாடம் கேட்ட நாற்காலி வடிவமைப்பாளர்: எம். பி. ரஞ்சன்

இந்திய வடிவமைப்புக் கல்வியின் வரலாற்றில் எம். பி. ரஞ்சன் என்ற பெயர் பெரும்பாலும் 'சிந்தனையாளர்' என்ற அடைமொழியோடுதான் வருகிறது. 1950 நவம்பர் 8 அன்று சென்னையில் பிறந்து, 2015 ஆகஸ்டு 9 அன்று மறைந்த அவர், பயிற்சியால் ஓர் அறைகலன் வடிவமைப்பாளர். நாற்காலி, மேசை, அலமாரி ஆகியவற்றின் வடிவத்தையும் கட்டுமானத்தையும் கற்றுத் தேறியவர். 1969இல் அகமதாபாதில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அறைகலன் பிரிவு மாணவராகச் சேர்ந்தார். 1972இல் அங்கேயே ஆசிரியரானார். 2010இல் ஓய்வு பெறும் வரை அந்த நிறுவனமே அவருடைய பணிக்களம். நாற்காலி செய்யக் கற்ற ஒருவர் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கூடை, முறம், மீன்பொறி, மூங்கில் வேலி ஆகியவற்றை அளந்து வரைவதில் ஏன் செலவிட்டார் என்ற கேள்விக்கு அவருடைய தனிப்பட்ட விருப்பத்தை மட்டும் விடையாகக் கூறிவிட முடியாது. எந்தக் கைவினைக்கு அறிவு என்ற தகுதி உண்டு, எதற்கு வெறும் உழைப்பு என்ற பெயர் மட்டுமே உண்டு என்ற பழைய வழக்கு ஒன்று அதற்குள் இருக்கிறது.

அவ்வழக்கைப் புரிந்துகொள்ளத் தென் திருவிதாங்கூரைக் காட்டிலும் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. நெய்யாறு அணைக்கட்டின் அடிவாரத்தில் உள்ள கள்ளிக்காடும், அதன் தெற்கே பாறசாலை வரை நீளும் எல்லைக் கிராமங்களும், 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலப் பிரிவினையில் கேரளத்தோடு நின்றவை. அடுத்திருந்த விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கோடு கிழிக்கப்பட்டாலும் மலை ஒன்றுதான். அகத்தியமலைச் சாரலில் காணிக்காரர்கள் வாழும் காடுகளில் ஈற்ற என்று மலையாளத்தில் வழங்கும் மெல்லிய மூங்கிலினம் நீரோடைகளின் ஓரமாகச் செழித்து வளர்கிறது. இவ்வினத்தின் பெரும்பாலான வகைகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரியவை. கணுக்களுக்கு இடையே நீளம் மிகுதி, சுவர் மெல்லியது. ஆகையால் தூணாக நிற்பதற்கு உதவாது, கீறிப் பின்னுவதற்கு ஈடிணையில்லாதது. நெல் உலர்த்தும் பனம்புப் பாயும், கூடையும், வட்டியும், முறமும் இதிலிருந்தே பிறந்தன. கேரளத்தின் பல பகுதிகளில் சாம்பவர் சமூகத்தார் இந்தப் பின்னல் தொழிலைத் தலைமுறைகளாகச் செய்துவந்தனர்.

இதே நிலத்தில் மரத்தின் கதை வேறு. ஆசாரிக்கு முழக்கோல் இருந்தது, கணக்கு இருந்தது, பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'மனுஷ்யாலய சந்திரிகை' போன்ற நூல் மரபு இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனையின் மச்சுகளும் தூண்களும் கட்டில்களும் அவருடைய கைத்திறனுக்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன. (தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தும் கேரள அரசின் பராமரிப்பில் தொடரும் அரண்மனை அது, 1956ஆம் ஆண்டுக் கோடு எவ்வளவு வளைந்து நெளிந்து போனது என்பதற்கு அதுவே சாட்சி.) 1851இல் இலண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்குத் திருவிதாங்கூர் மன்னர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா விக்டோரியா அரசிக்கு அன்பளிப்பாக அனுப்பிய தந்த அரியணை அங்கே பெரும் வியப்பை எழுப்பியது. பொருட்காட்சியின் நிறைவு விழாவில் இளவரசர் ஆல்பர்ட் அதில் அமர்ந்தார். விக்டோரியா இந்தியாவின் பேரரசி ஆனபோது எடுக்கப்பட்ட நிழற்படத்திலும் அவர் அமர்ந்திருப்பது அதே திருவிதாங்கூர் இருக்கையில்தான். ஆக, உலகப் புகழ் பெற்ற ஒரு நாற்காலி இம்மண்ணிலிருந்து சென்றது உண்மை. அதே ஆண்டுகளில் இங்கே பின்னப்பட்ட கூடைக்கு எந்த நூலும் இல்லை, வரைபடமும் இல்லை, பொருட்காட்சியில் பீடமும் இல்லை.

குடியேற்றக் காலக் கலைப்பள்ளிகள் இந்த ஏற்றத்தாழ்வை அப்படியே எடுத்துக்கொண்டன. சென்னையில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியும், 1888இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய கலைப்பள்ளியும் ஓவியத்தையும் அலங்கார வேலைப்பாட்டையும் முதன்மைப்படுத்தின. பொருள் எப்படி நிற்கிறது, எப்படிப் பாரம் தாங்குகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்ற கேள்விகள் அங்கே பின்னுக்குப் போயின. கண்ணுக்கு அழகான பொருள் கலையாகவும், கைக்கு உதவும் பொருள் சந்தைச் சரக்காகவும் பிரிந்தன.

விடுதலைக்குப் பின் இப்பார்வையை மாற்றும் முயற்சி ஒரு செம்பிலிருந்து தொடங்கியது எனலாம். இந்திய அரசின் அழைப்பில் 1958இல் நாட்டைச் சுற்றிப் பார்த்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இருவரும் தங்கள் அறிக்கையில், தாம் கண்ட பொருள்களிலெல்லாம் மிகச் சிறந்தது சாதாரண லோட்டா என்று எழுதினர். அதில் எவ்வளவு நீர் கொள்ளும், நிறைந்தபோது எடை எங்கே நிற்கும், இடுப்பிலும் தலையிலும் அது எப்படி அமரும், கை எப்படிப் பற்றும், என்ன விலை என்று அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டுச் சென்றது அவ்வறிக்கை. அவர்கள் இருவரும் உலகப் புகழ் பெற்ற நாற்காலி வடிவமைப்பாளர்கள் என்பது இங்கே நினைவுகொள்ளத் தக்கது. அவ்வறிக்கையின் விளைவாக 1961இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

அந்நிறுவனத்துக்கு இன்னொரு தந்தை உண்டு: ஜெர்மனியின் ஊல்ம் நகர வடிவமைப்புப் பள்ளி. அதன் ஆசிரியர் ஹான்ஸ் குகலோட் 1965இல் அகமதாபாதுக்கு வந்து பயிற்றுவித்தார். மேக்ஸ் பில்லுடன் சேர்ந்து அவர் 1954இல் உருவாக்கிய ஊல்ம் முக்காலி மூன்று பலகையும் ஓர் உருளைக் கட்டையும் மட்டுமே கொண்டது. மாணவர்கள் அதன்மேல் உட்கார்ந்தனர். அதில் புத்தகங்களை அடுக்கிச் சுமந்தனர். மேசைமேல் வைத்து உரைபீடமாக்கிக்கொண்டனர். அலங்காரம் என்று அதில் எதுவும் இல்லை. பணமில்லாத பள்ளி ஒன்று தனக்காகச் செய்துகொண்ட இருக்கை அது. ஊல்ம் பள்ளி 1968இல் மூடப்பட்டது. மறு ஆண்டு ரஞ்சன் அகமதாபாதில் மாணவரானார். பிற்காலத்தில் பௌஹௌஸ், ஊல்ம், அகமதாபாது ஆகிய மூன்று பள்ளிகளையும் ஒரே தொடராக வைத்து அவர் ஆய்வுரை எழுதியதற்கு இந்தக் காலப்பொருத்தம் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது வரவு புதுச்சேரி வழியாக வந்தது. ஜப்பானிய வழித்தோன்றலான அமெரிக்கர் ஜார்ஜ் நாகஷிமா, அன்டோனின் ரேமண்டின் கட்டடக்கலை அலுவலகத்தின் சார்பில் முப்பதுகளில் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டார். அங்கேயே ஆசிரமவாசியானார், அரவிந்தர் அவருக்குச் 'சுந்தரானந்தா' என்று பெயரிட்டார். அவ்விடுதிக்கான தேக்குக் கட்டில்களையும் நாற்காலிகளையும் வடிவமைத்தவரும் அவரே. பின்னர் அமெரிக்கா திரும்பிய அவர், போர்க்காலத்தில் தம் குடும்பத்துடன் ஐடாஹோ மாநில முகாமில் அடைக்கப்பட்டபோது, அங்கிருந்த ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் தச்சு நுணுக்கங்களைக் கற்றார். இருபதாம் நூற்றாண்டின் புகழ்மிக்க மரவேலைக் கலைஞர்களில் ஒருவரானார். 1964இல் அகமதாபாது நிறுவனத்துக்கு வந்து அங்குள்ள பட்டறையில் செய்வதற்கான அறைகலன்களை வடிவமைத்துத் தந்தார். கட்டடக்கலையில் பட்டம் பெற்ற ஒருவர் முகாமில் ஒரு தச்சரின் காலடியில் உட்கார்ந்து கற்றார் என்ற செய்தி, பட்டறையைத் தாழ்வாக நினைக்கும் நம் கல்விக்கூடங்களில் அடிக்கடி சொல்லத் தகுந்தது.

ரஞ்சனுக்குப் பட்டறை பழக்கமான இடம். அவருடைய தந்தையார் சென்னையில் மரப் பொம்மைத் தொழில் நடத்தியவர். பொம்மை செய்பவருக்கு மரத்தின் நார் எத்திசையில் ஓடுகிறது, விளிம்பு குழந்தையின் கையைக் கிழிக்குமா, ஒரு கட்டையிலிருந்து எத்தனை துண்டு வீணாகாமல் எடுக்கலாம் என்பவை அன்றாடக் கணக்குகள். அகமதாபாதில் ஆசிரியரானபின் ரஞ்சன் கற்பித்த பாடங்களில் வடிவியலும் கட்டமைப்பும் முதன்மையானவை. கோடும் கோணமும் தாளில் மட்டும் இருப்பவை அல்ல என்பதை, குச்சியாலும் அட்டையாலும் உருக்களைக் கட்டச் செய்து மாணவருக்கு உணர்த்தும் பாடம் அது. சதுரச் சட்டம் தள்ளினால் சாயும், முக்கோணச் சட்டம் சாயாது என்பதைத் தாமே கட்டிப் பார்த்த மாணவர், நாற்காலியின் காலுக்கு ஏன் குறுக்குச் சட்டம் வேண்டும் என்று ஆசிரியரைக் கேட்க வேண்டியதில்லை.

இந்த வடிவியல் கண்தான் அவரைக் கூடைகளிடம் கொண்டு சென்றது. எழுபதுகளின் இறுதியில், கைவினை வளர்ச்சி ஆணையரகத்தின் திட்டமொன்றின் கீழ், வடகிழக்கு மாநிலங்களின் மூங்கில், பிரம்புக் கைவினைகளை ஆவணப்படுத்தும் களப்பணி தொடங்கியது. நீலம் ஐயர், கன்ஷியாம் பாண்டியா ஆகியோருடன் ரஞ்சன் எழுதிய 'வடகிழக்கு இந்தியாவின் மூங்கில், பிரம்புக் கைவினைகள்' என்னும் ஆங்கில நூல் 1986இல் வெளிவந்தது. இத்துறையில் இன்றளவும் அதற்கு நிகராகச் சுட்டத்தக்க நூல்கள் மிகச் சில.

அந்நூலின் சிறப்பு அதன் பார்வைக் கோணத்தில் உள்ளது. அதற்கு முன் பழங்குடியினர் கூடைகளை எழுதியவர்கள் பெரும்பாலும் மானிடவியலாளர்கள். எந்தக் குடி, எந்தச் சடங்கு, ஆணா பெண்ணா சுமப்பது என்பவை அவர்களுடைய கேள்விகள். ரஞ்சன் குழுவினர் ஒரு பாலத்தைப் பொறியாளர் பார்ப்பதுபோல் கூடையைப் பார்த்தனர். அடி சதுரமாகத் தொடங்கி வாய் வட்டமாக முடியும் கூடையில் அந்த மாற்றம் எந்த இடத்தில், எப்படி நிகழ்கிறது? பாரம் முதலில் எந்த இழையில் விழுகிறது? அடிப்பகுதி தரையில் தேயாமலிருக்க என்ன செய்திருக்கிறார்கள்? வாய்விளிம்பைக் கட்டியிருக்கும் முறை எது? இவ்வாறு ஒவ்வொரு பொருளுக்கும் அளவோடு கூடிய விவரிப்பும் வரைபடமும் நிழற்படமும் தரப்பட்டன.

காசி மலையில் முதுகில் சுமக்கும் 'கோ' என்னும் கூம்புக் கூடை நல்ல எடுத்துக்காட்டு. நெற்றியில் பட்டையிட்டு முதுகில் தொங்கவிடும்போது, அகன்ற வாய் மேலேயும் குறுகிய அடி கீழேயும் இருப்பதால் எடை தோளுக்கருகில் நிற்கிறது. செங்குத்தான மலைப்பாதையில் ஏறுபவரின் கால் கூடையில் இடிபடுவதில்லை. தானியம் சுமக்கும் கூடைக்கு நெருக்கமான பின்னல், விறகு சுமப்பதற்கு இடைவெளி விட்ட அறுகோணப் பின்னல். அறுகோணப் பின்னலில் மூன்று திசைகளில் ஓடும் இழைகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதால், குறைந்த மூங்கிலில், குறைந்த எடையில், உருக்குலையாத கூடை கிடைக்கிறது. முக்கோணச் சட்டம் சாயாது என்று அகமதாபாது வகுப்பறை கற்பித்த பாடத்தை மலையில் இருந்த பின்னற்காரர் எப்போதோ அறிந்திருந்தார். அவர் அதை வடிவியல் என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான். அருணாசலத்தின் சீரோ பள்ளத்தாக்கில் அபதானி மக்கள் தங்கள் வீட்டுத் தோட்டம்போல் மூங்கில் தோப்புகளை வளர்த்துப் பேணுவதும் இதே அறிவின் இன்னொரு முகம்.

ஆனால் நாற்காலிக்காரர் ஒருவருக்குக் கூடையோடு நின்றுவிட முடியாது. மூங்கிலில் நாற்காலி செய்வது ஏன் கடினம் என்பதை அறிந்தால்தான் ரஞ்சனின் பிற்காலப் பணி விளங்கும். மூங்கில் மரமன்று, புல். அதன் நார்கள் நெடுக்காக மட்டுமே ஓடுகின்றன. இழுவிசைக்கு அபாரமாக ஈடுகொடுக்கும், ஆனால் ஆணி இறங்கினால் நெடுகப் பிளந்துவிடும். தச்சர் மரத்தில் பயன்படுத்தும் துளையும் நாக்கும் கொண்ட பொருத்து, உள்ளீடற்ற மூங்கிலில் சுவரை வெட்டிப் பலவீனமாக்கும். ஆகவே கயிற்றாலோ பிரம்பாலோ கட்ட வேண்டும். கட்டிய மூங்கில் உலர்ந்து சுருங்கும்போது கட்டு தளரும். அதற்குமேல் உளுக்கும் வண்டு. மூங்கிலில் உள்ள மாவுச்சத்தே வண்டை ஈர்க்கிறது. மூன்று நான்கு ஆண்டு முற்றாத மூங்கிலை வெட்டினாலும், பருவம் தவறி வெட்டினாலும், சில மாதங்களில் நாற்காலியின் அடியில் மஞ்சள் பொடி உதிரத் தொடங்கும். வெட்டிய மூங்கிலைக் குளத்திலும் ஓடையிலும் வாரக்கணக்கில் ஊறப்போடும் நாட்டுப்புற வழக்கம் இந்த மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றுவதற்கே. போராக்சும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பது இன்றைய முறை. வாங்கிய ஆறே மாதத்தில் உளுத்துப்போன நாற்காலிகள்தாம் மூங்கில் அறைகலனுக்கு 'ஏழையின் மரம்' என்ற இழிபெயரைத் தேடித் தந்தன. பழி மூங்கிலுக்கு வந்தது. பிழை வெட்டும் பருவத்திலும் பதப்படுத்தலிலும் இருந்தது.

திரிபுராவின் காட்லாமாரா பகுதியில் விவசாயிகள் வளர்க்கும் 'கனக் கைச்' என்னும் மூங்கில் ஏறத்தாழ உள்ளீடு நிறைந்த கெட்டி மூங்கில். திருகாணியையும் துளைப் பொருத்தையும் அது தாங்கும். ரஞ்சனும் அவருடைய சகாக்களும் இந்த மூங்கிலை அடிப்படையாகக் கொண்டு முக்காலிகளையும் பிற அறைகலன்களையும் உருவாக்கி, உள்ளூர்க் கைவினைஞர்களுக்குப் பயிற்சி அளித்தனர். அவருடைய வாதம் எளிமையானது: விவசாயி மூங்கிலைக் கம்பாக விற்றால் கிடைப்பது சொற்பம், அதே கம்பு ஊரை விட்டு நாற்காலியாக வெளியேறினால் வெட்டுபவர், பதப்படுத்துபவர், செய்பவர் என ஒவ்வொரு படியிலும் ஊருக்குள் பணம் தங்கும். 1999இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்துடன் இணைந்து அவர் உருவாக்கிய மூங்கில் திட்டத்தின் தலைப்பே 'நிலத்திலிருந்து மக்களுக்கு' என்பதாகும். மூங்கிலை வளர்ப்பதிலிருந்து சந்தை வரையிலான முழுச் சங்கிலியையும் வடிவமைப்பின் எல்லைக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு.

அவருடைய வகுப்பறையும் இந்த வழியிலேயே விரிந்தது. 'வடிவமைப்புக் கருத்துகளும் கரிசனங்களும்' என்ற பாடத்தை அவர் பல ஆண்டுகள் நடத்தினார். உணவு, நீர் போன்ற ஒரு பெரும்பொருளை மாணவர் குழுக்கள் எடுத்துக்கொண்டு, அதில் யார் யார் தொடர்புடையவர்கள், எங்கே தடை, எங்கே வாய்ப்பு என்று பெரிய தாள்களில் படமாக வரைந்து, சுவரில் மாட்டி, எல்லோர் முன்னிலையிலும் விளக்க வேண்டும். ஒரு நாற்காலி வரையச் சொல்லி மாணவரை உட்கார வைக்கும் மரபிலிருந்து இது வெகு தொலைவு. வடிவமைப்புக்கு மூன்று படிநிலைகள் உண்டு என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. முதல் படியில் பொருள், வடிவம், பயன், கட்டுமானம். இரண்டாம் படியில் அது மனிதரிடமும் சமூகத்திலும் சந்தையிலும் நிகழ்த்தும் விளைவு. மூன்றாம் படியில் அறமும் அரசியலும்: இதை ஏன் செய்கிறோம், யாருக்காகச் செய்கிறோம் என்ற கேள்வி. கை, தலை, இதயம் என்று அவரே அதற்கு உருவகம் சொன்னார். தம்முடைய விரிவுரைகளையும் படங்களையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் கட்டணமின்றி வைத்தவர் என்பதும் அந்த மூன்றாம் படியோடு சேர்த்தே எண்ண வேண்டியது.

நிறுவனங்களை உருவாக்குவதிலும் அவருக்குப் பங்குண்டு. ஜெய்ப்பூரில் தொடங்கிய இந்தியக் கைவினை, வடிவமைப்பு நிறுவனத்துக்கான திட்ட அறிக்கையில் அவர் பங்கேற்றார். அகர்தலாவின் மூங்கில், பிரம்பு வளர்ச்சி நிறுவனத்தைச் சீரமைக்கும் திட்டத்திலும் முன்னின்றார். ஜவுளி வடிவமைப்பாளரும் ஆசிரியருமான தம் மனைவி அதிதி ரஞ்சனுடன் சேர்ந்து அவர் பதிப்பித்த 'கையால் செய்த இந்தியா' என்னும் பெருந்தொகுப்பு 2007இல் வெளிவந்தது. நாட்டின் கைவினைகளை மாநிலம் மாநிலமாக, ஊர் ஊராகத் தொகுத்த அந்த நூலின் பின்னே மாணவர்கள், ஆய்வாளர்கள் எனப் பெரியதோர் அணியின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது.

இந்தச் சாதனையைப் புகழ்ந்து நிறுத்திவிடுவது எளிது. ஆனால் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. இவ்வளவு ஆவணமும் எந்த மொழியில், யாருடைய மேசையில் இருக்கிறது? 1986ஆம் ஆண்டு நூலும் 2007ஆம் ஆண்டுத் தொகுப்பும் ஆங்கிலத்தில் உள்ளன. கனமான, விலை மிகுந்த, நூலகங்களுக்கேற்ற புத்தகங்கள். யாருடைய கையிலிருந்து அந்த அறிவு எடுக்கப்பட்டதோ அவருடைய மொழியில் அது திரும்பிச் சேரவில்லை. ரஞ்சன் இந்தக் குறையை உணராதவர் என்று சொல்ல முடியாது. அவர் அகர்தலாவிலும் காட்லாமாராவிலும் காலம் செலவிட்டதே அதற்குச் சான்று. ஆனால் ஒரு வடிவமைப்புக் கல்லூரியின் கட்டமைப்பு அவரைவிட வலிமையானது. கூடையிடமிருந்து பாடம் கற்ற மாணவருக்குப் பட்டம் கிடைக்கிறது. பாடம் சொன்ன பின்னற்காரருக்கு நன்றியுரையில் ஊர்ப்பெயர் கிடைக்கிறது.

இன்னொரு தடை வடிவமைப்பின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது: மூங்கில் யாருக்கு, என்ன விலைக்கு? கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் 1958இல் தொடங்கிய காகித ஆலைக்கு அரசு காட்டு மூங்கிலை டன்னுக்கு ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தது. சந்தையில் பல மடங்கு விலை கொடுத்து மூங்கில் வாங்க வேண்டியிருந்த கூடைமுடைவோர், காட்டில் மூங்கிலே அழிந்துவருகிறது என்று அரசிடம் முறையிட்டனர். அந்த முறையீட்டின் விளைவாகவே சூழலியலாளர் மாதவ் காட்கில் எழுபதுகளின் நடுவில் தம் மூங்கில் ஆய்வைத் தொடங்கினார். அவர் கண்டறிந்த செய்திகளில் ஒன்று குறிப்பிடத்தக்கது. புதரின் அடியில் உள்ள முள் உறையைச் சுத்தம் செய்தால் மூங்கில் நன்கு வளரும் என்று வனத்துறை நம்பியது. முள்ளை நீக்கியதும் இளங்குருத்துகளை மாடும் முள்ளம்பன்றியும் குரங்கும் தின்று தீர்த்தன. முள்தான் குருத்துக்குக் காவல் என்பது ஊரார் அறிந்த செய்தி. கேட்கத்தான் ஆள் இல்லை. கேரளத்தில் மாவூர் ரேயான் கூழ் ஆலைக்கு டன் ஒரு ரூபாய் என்ற விலையில் மூங்கில் போனது. பின்னர்க் கோட்டயம் மாவட்டத்து வெள்ளூர் செய்தித்தாள் ஆலையும் காட்டு ஈற்றயைக் கூழாக்கியது. பின்னல் தொழிலாளருக்கு மூலப்பொருள் வழங்கவும் அவர்கள் நெய்த பனம்பைக் கொள்முதல் செய்யவும் 1971இல் அங்கமாலியில் கேரள மாநில மூங்கில் கழகம் அமைக்கப்பட்டது இந்தப் பின்னணியில்தான். எவ்வளவு நேர்த்தியான நாற்காலியை வரைந்தாலும், ஆலைக்கு ஒரு விலையும் தொழிலாளிக்கு இன்னொரு விலையும் இருக்கும் காட்டில் அந்த வரைபடம் வெகுதூரம் போகாது.

சட்டமும் நெடுங்காலம் தாவரவியலுக்கு எதிராக நின்றது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என்று வரையறுத்தது. அதனால் தன் சொந்த நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டவும் கொண்டு செல்லவும் விவசாயி பல மாநிலங்களில் அனுமதிச் சீட்டு பெற வேண்டியிருந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன விளைபொருள் என்று ஏற்று, காடுவாழ் மக்களுக்கு அதன்மேல் உரிமை அளித்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரமல்ல என்று 1927ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டது 2017இல். அப்போது ரஞ்சன் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தெற்கே நிலைமை மேலும் சிக்கலானது. கேரளத்தில் 1961ஆம் ஆண்டின் கேரள வனச் சட்டமும், தமிழ்நாட்டில் 1882ஆம் ஆண்டின் வனச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை நேரடியாகத் தொடாது. ஒரே அகத்தியமலையின் இரு சரிவுகளில் வளரும் ஒரே ஈற்ற, கள்ளிக்காட்டுப் பக்கம் ஒரு சட்டத்துக்கும் விளவங்கோட்டுப் பக்கம் வேறொரு சட்டத்துக்கும் உட்பட்டது.

ஈற்றப் பின்னலைப் பற்றி வடகிழக்கு நூலைப்போல அளவும் வரைபடமும் இழைக்கணக்கும் கொண்ட ஒரு நூல் தமிழிலோ மலையாளத்திலோ எழுதப்பட வேண்டுமானால், அதற்கான முறை 1986இலேயே வகுத்துத் தரப்பட்டுவிட்டது. அடி எப்படித் தொடங்குகிறது, எத்தனை இழை, எந்த மாதத்து வெட்டு, விளிம்பை முடிவது எப்படி என்று கேட்டு எழுதிக்கொள்வதுதான் வேலை. பனம்புக்குப் பதில் நெகிழித் தார்ப்பாய் களத்துமேட்டை நிரப்பிவிட்ட இக்காலத்தில், அக்கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய கைகள் பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவை.